பயம் போகட்டும் என்று காத்திருப்பவருக்கு

பண்ருட்டிக்கு அருகிலிருந்து எழுதியிருக்கும் நண்பர் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அவருக்கு வயது 34. புதுச்சேரியில் ஒரு நிறுவனத்தில் கணக்கர். முந்திரிப் பருப்பைச் சிறு பாக்கெட்டுகளாகப் போட்டுக் கடைகளுக்கு நேரடியாகக் கொடுக்க வேண்டும் என்று 14 மாதங்களாக எண்ணிக்கொண்டிருக்கிறார். அதற்காக 2 லட்சம் ரூபாய் சேர்த்தும் வைத்திருக்கிறார். லோகோவை ஐந்து முறை மாற்றி வரைந்தாகிவிட்டது, யூடியூபில் நூறு காணொளிகளுக்கு மேல் பார்த்தாகிவிட்டது. ஆனால் இன்றுவரை ஒரு கடைக்காரரிடமும் வாய் திறந்து கேட்கவில்லை, உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கான விண்ணப்பம் பாதியில் நிற்கிறது. "நான் சோம்பேறியா, கோழையா? பயம் போன பிறகு தொடங்குவதா, தொடங்கினால் பயம் போகுமா?" என்று கேட்கிறார். கடைசியில், ஒட்டாமல் விழுந்ததுபோல ஒரு வரி இருக்கிறது: 2011இல் தானே புயலில் அப்பாவின் தோப்பு சாய்ந்தது, அந்தக் கடன் ஏழு ஆண்டுகள் ஓடியது. கேள்வியின் உயிர் அந்த வரியில்தான் இருப்பதாக எனக்குப் படுகிறது. சோம்பலைப் பற்றிக் கேட்பதாக எழுதியிருந்தாலும், இழப்பு எப்படி இருக்கும் என்பதை 20 வயதுக்கு முன்பே வீட்டுக்குள் பார்த்துவிட்ட ஒருவன் எதை நம்பிக் காலை முன்வைப்பது என்பதையே நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்.

நான் புதுச்சேரியில் 17 ஆண்டுகளாக மருத்துவ உளவியலாளராக இருக்கிறேன். தள்ளிப்போடுகிறேன் என்ற ஒரே குறையைச் சொல்லிக்கொண்டு வருபவர்கள் குறைவு. தூக்கமில்லை, வீட்டில் சண்டை, அலுவலகத்தில் விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்துவிட்டார்கள் என்று வருவார்கள். பேசப் பேச அடியில் இது கிடக்கும். ஒரு கடிதத்தை வைத்து யாருக்கும் நோயின் பெயரைச் சூட்ட முடியாது, சூட்டவும் கூடாது. ஆகவே ஆய்வில் உறுதிப்பட்டது எது, என் அனுபவத்தில் மட்டும் கண்டது எது, எல்லோரும் சொன்னாலும் ஆட்டம் காண்பது எது என்று முடிந்தவரை பிரித்தே எழுதுகிறேன்.

சோம்பேறியா என்ற கேள்வியை விரைவாக முடித்துவிடலாம். சோம்பேறி ஐந்து முறை லோகோ வரைய மாட்டான். திருக்குறளில் மடியின்மை அதிகாரத்தின் 605ஆம் குறள், கெடுகிறவர்கள் விரும்பி ஏறும் கலன்களாக நான்கைச் சொல்கிறது: நெடுநீர், மறவி, மடி, துயில். காலத்தை நீட்டிக்கொண்டே போவதற்கு நெடுநீர் என்று ஒரு பெயர், சோம்பலுக்கு மடி என்று வேறு பெயர். இரண்டும் ஒரே கலத்தில் ஏற்றப்பட்டாலும் ஒன்றல்ல என்பது வள்ளுவருக்குத் தெரிந்திருக்கிறது. நம் வீடுகளில்தான் இரண்டுக்கும் ஒரே திட்டு விழுகிறது. சோம்பேறிக்கு வேலை செய்யாதது உறுத்துவதில்லை. உங்களுக்கு 14 மாதங்களாக உறுத்துகிறது. அதுவும் ஓயாமல் உறுத்துகிறது.

உறுத்தியும் ஏன் நடப்பதில்லை என்பதற்குக் கிடைத்திருக்கும் விளக்கங்களில் நான் உறுதியாக நம்புவது இது. ஒரு காரியத்தை நினைத்தவுடன் வயிற்றில் ஒரு பிசைவு எழுகிறது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்த கணத்தில் அந்தப் பிசைவு அடங்குகிறது. அடங்கியதே கூலியாகிவிடுகிறது, கூலி கிடைத்த செயலை உடல் மறுபடியும் செய்யும். பயந்த ஒன்றிலிருந்து விலகும்போது கிடைக்கும் நிம்மதிதான் அந்த விலகலை வளர்க்கிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் மௌரர் 1947லேயே எழுதினார். அவருடைய கோட்பாட்டின் பிற பகுதிகளில் பின்னால் திருத்தங்கள் வந்தன. இந்தப் பகுதி இன்றும் பதற்ற நோய்களுக்கான சிகிச்சையின் அடித்தளமாக இருக்கிறது. நீங்கள் லோகோவை ஆறாவது முறை திருத்த உட்காரும்போது நடப்பதும் அதுதான். கடைக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, ஆனால் தொழிலுக்காக ஏதோ செய்துகொண்டிருக்கிறோம் என்ற திருப்தியும் கிடைக்கிறது. சும்மா இருப்பதைவிட இது வலுவான நிம்மதி. அதனால்தான் இதை விடுவது கடினமாக இருக்கிறது.

இதைப் பிறருக்கு மட்டும் சொல்வதாக நினைக்க வேண்டாம். என் ஆய்வேட்டின் நான்காம் இயலை நான் ஐந்து மாதங்கள் தொடவில்லை. அந்த ஐந்து மாதங்களில் மேற்கோள் அட்டைகள் மூன்று முறை அகரவரிசைப்படுத்தப்பட்டன, மேஜை இழுப்பறைக்குப் புதுத் தாள் விரிக்கப்பட்டது. வழிகாட்டி கேட்டபோதெல்லாம் "தரவைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்றேன். அதில் பொய்யில்லை என்பதுதான் அதன் வசதி.

இப்போது கொஞ்சம் ஐயத்துக்குரிய பகுதிக்கு வருகிறேன். தள்ளிப்போடுதலுக்கெல்லாம் காரணம் தோல்வி பயம்தான் என்று மேடைப் பேச்சாளர்கள் அடித்துச் சொல்கிறார்கள். கனடாவின் கால்கரிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியர்ஸ் ஸ்டீல் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி 2007இல் வெளியிட்ட கட்டுரை அப்படிச் சொல்லவில்லை. வேலை பிடிக்காமலிருப்பது, பலன் வெகுதூரத்தில் இருப்பது, தன்னால் முடியும் என்ற நம்பிக்கை குறைவாக இருப்பது, கைக்கு எட்டிய இன்பத்துக்குச் சட்டென்று தாவும் இயல்பு ஆகியவைதான் அதில் வலுவாகத் தெரிந்தன. கவலைப்படும் இயல்புக்கும் தள்ளிப்போடுதலுக்கும் இருந்த தொடர்பு மெலிதாகவே இருந்தது. ஆனால் அது சராசரி. சராசரியில் மெலிதான தொடர்பு ஒரு தனி மனிதரிடம் முழுக் காரணமாக இருக்க முடியும். என் அறைக்கு வருபவர்களில் ஒரே பயம் ஒருவரை விடியற்காலையில் எழுப்பி உட்கார வைக்கிறது, இன்னொருவரைப் போர்வைக்குள் தள்ளுகிறது. இரண்டுக்கும் நடுவே, இதை என்னால் செய்ய முடியும் என்று அவருக்குத் தோன்றுகிறதா இல்லையா என்பது நிற்கிறது. உங்கள் கடிதத்தில் முந்திரியைப் பற்றி எழுதிய இடங்களில் தயக்கமே இல்லை. தரம் பிரிப்பதும் விலையும் விரல்நுனியில் இருக்கின்றன. கடைக்காரரிடம் பேசுவது என்று வந்தவுடன் வாக்கியங்கள் குட்டையாகிவிடுகின்றன.

பயத்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்கக் கூடாது. உங்களிடம் இரண்டு பயங்கள் பின்னிக் கிடக்கின்றன: பணம் போய்விடுமே என்பது ஒன்று, முகம் போய்விடுமே என்பது மற்றொன்று. இரண்டுக்கும் மருந்து வேறு. முதலாவதைக் கற்பனை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த அந்தப் புயலுக்குப் பிறகு பண்ருட்டிப் பக்கம் போய்வந்தவர்களுக்குத் தெரியும். தலைமுறையாக நின்ற பலாவும் முந்திரியும் வேரோடு படுத்துக் கிடந்தன. ஒட்டுக்கன்று நட்டாலும் முந்திரி காய்க்கத் தொடங்க மூன்றாம் ஆண்டு ஆகும், பழைய விளைச்சலைக் காண மேலும் பல ஆண்டுகள் ஆகும். கடனுக்கு வட்டி அதுவரை காத்திருக்காது. அதைப் பார்த்து வளர்ந்த பையனிடம் "துணிந்து இறங்கு, தோல்விதான் வெற்றியின் முதல் படி" என்று சொல்வதை நான் அறிவுரையாக எடுத்துக்கொள்வதில்லை. உங்கள் பயம் ஒரு உண்மையான கணக்கைக் கேட்கிறது, நீங்களோ கணக்கர். ஆகவே கணக்கைப் போடுங்கள். அப்பா இழந்தது, மறுபடி உண்டாக்க ஆண்டுக்கணக்காகும் சொத்து; அதுவும் ஒரே இரவில், கடன் தலைமேல் இருக்கும்போது. நீங்கள் முதலில் இறக்க வேண்டியது 2 லட்சமும் அல்ல. பத்தாயிரம் ரூபாய்க்குப் பருப்பு எடுத்து ஒன்றும் விற்காவிட்டால், நமுத்துப் போவதற்குள் உறவினர்களுக்குக் கொடுத்துவிடுவீர்கள். அதிகபட்ச இழப்பு பத்தாயிரம் என்று ஒரு தாளில், உங்கள் கையெழுத்தில், ஓர் எண்ணாக எழுதிப் பாருங்கள். இப்போது உங்கள் மனம் ஒவ்வொரு முறையும் பத்தாயிரத்துக்கு எதிரே தோப்பை வைத்து நிறுக்கிறது. எண்ணாக எழுதாதவரை அப்படித்தான் நிறுக்கும்.

முகம் போகும் பயத்துக்குக் கணக்கு உதவாது. இதில் ஓர் ஆய்வை அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2000இல் வெளிவந்தது: வெட்கப்பட வைக்கும் ஒரு படம் போட்ட பனியனை மாணவருக்கு மாட்டிவிட்டு, ஆட்கள் நிறைந்த அறைக்குள் அனுப்பினார்கள். உள்ளே இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அந்தப் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று அவர் நினைத்தார்; உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப்பேர்தான். நம்மைப் பிறர் நாம் நினைக்கும் அளவுக்குப் பார்ப்பதில்லை என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் அந்த அறையில் இருந்தவர்கள் யாரும் அவருடைய சித்தப்பா இல்லை. உங்கள் ஊரில் "மூன்று மாதத்தில் கடையைக் கட்டிவிட்டான்" என்று டீக்கடையில் கண்டிப்பாகப் பேசுவார்கள். அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல நான் விரும்பவில்லை. என் அனுபவத்தில் சொல்லக்கூடியது இவ்வளவே: அந்தப் பேச்சு வருமா என்று காத்திருந்த மாதங்களைவிட, வந்த பிறகு அதைத் தாங்கிய நாட்கள் குறைவு என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். தவிர, முதல் சில கடைகளைப் புதுச்சேரியிலேயே கேட்டால் சித்தப்பாவுக்குத் தெரியப்போவதில்லை. இதைக் கோழைத்தனம் என்று எண்ண வேண்டாம். நீச்சல் பழகுகிறவன் மடுவில் இறங்குவதில்லை.

இங்கே ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். வில்லியனூர்ப் பக்கம் ரவிக்கை தைக்கும் பெண். கல்யாணப் பட்டுக்கான ரவிக்கைத் துணி ஒன்று அவர் பீரோவில் 19 நாட்கள் வெட்டாமல் கிடந்தது. அதற்கு முந்தைய மாதம் வேறொருவருக்குக் கழுத்தை இறக்கி வெட்டிவிட்டார். அந்த அம்மாள் தெருவே கேட்கும்படி கத்திவிட்டுப் போயிருக்கிறார். பட்டு என்றால் கத்திரி வைத்த பிறகு திரும்பாது. தொலைபேசி அடித்தால் எடுப்பதில்லை, பிறகு மற்றவர்களின் துணிகளும் தேங்கத் தொடங்கின, கடைசியில் நெஞ்சு படபடப்புக்கு மருந்து கேட்டு வந்தார். வெட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. துணியைப் பீரோவிலிருந்து எடுத்து மேஜைமேல் வையுங்கள், முதல் வாரத்துக்கு அவ்வளவுதான் வேலை என்றேன். அடுத்த முறை வந்து, "வச்சேன் மேடம், ஆனா மேல ஒரு துண்டைப் போட்டு மூடிட்டேன்" என்றார். அதையும் நாங்கள் ஒரு படியாகவே எடுத்துக்கொண்டோம். பிறகு துண்டை எடுப்பது. பிறகு செய்தித்தாளில் அளவு வரைந்து வெட்டுவது. பிறகு பழைய வேட்டித் துணியில் வெட்டி, டாக்கா (தற்காலிகத் தையல்) போட்டு, தன் தங்கைக்கு மாட்டிப் பார்ப்பது. பட்டில் கத்திரி வைத்த அன்று பயம் போயிருந்ததா என்று கேட்டேன். "எங்க போச்சு? கை நடுங்கிச்சு. நடுங்கிக்கிட்டே வெட்டிட்டேன்." வாடிக்கையாளர் போட்டுப் பார்த்து, இரண்டு பக்கமும் கொஞ்சம் பிடித்துக் கொடுங்கள் என்று மட்டும் கேட்டாராம். இன்றும் பட்டு வந்தால் அவருக்கு வயிறு கலங்குகிறது. ஆனால் துணி 19 நாட்கள் கிடப்பதில்லை, இரண்டு நாட்கள் கிடக்கிறது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் இதிலேயே இருக்கிறது. பயம் போன பிறகு தொடங்கியவர்களை நான் அனேகமாகப் பார்த்ததில்லை. தொடங்கினால் பயம் போய்விடும் என்பதும் முழு உண்மையல்ல. குறையும், அதுவும் ஒரே செயலைப் பலமுறை செய்த பிறகே குறையும். அஞ்சும் பொருளைச் சிறிது சிறிதாக நெருங்க வைப்பது பதற்ற நோய்களில் பல ஆண்டுகளாகச் சோதித்து நிறுவப்பட்ட வழி. அதைத் தொழில் தொடங்கும் தயக்கத்துக்குப் பொருத்துவது என் போன்றோரின் நடைமுறை; நோய்க்கு இருக்கும் அளவு சான்று இதற்கு இருப்பதாகச் சொல்ல மாட்டேன்.

நெருங்குவதற்கான படியை எப்படி அமைப்பது என்பதில் மட்டும் நல்ல சான்று இருக்கிறது. எப்போது, எங்கே, எது நடந்தவுடன் என்ன செய்வேன் என்று முன்கூட்டியே கட்டி வைப்பது, செய்வேன் என்று பொதுவாக உறுதி எடுப்பதைவிட அதிகம் பலன் தருகிறது. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரும் ஷீரனும் 94 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து 2006இல் இதைக் காட்டினார்கள். உளவியலில் இது கணிசமான விளைவு. ஆகவே "இந்த மாதத்துக்குள் கடைகளில் பேசுவேன்" என்று எழுத வேண்டாம். "சனிக்கிழமை வேலை முடிந்து பண்ருட்டி பஸ்ஸுக்குப் போகும் வழியில், முதல் மளிகைக் கடையைக் கண்டவுடன் உள்ளே போய், பையிலிருக்கும் மாதிரிப் பாக்கெட்டைக் காட்டி, இந்த 100 கிராம் பாக்கெட் உங்கள் கடையில் போகுமா, என்ன விலைக்கு எடுப்பீர்கள் என்று கேட்பேன்" என்று எழுதுங்கள். கேட்பது மட்டுமே அன்றைய வேலை, விற்பதில்லை. விற்பதென்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு கையில் இருந்தாக வேண்டும், சிறு வியாபாரிக்கும் அது கட்டாயம். பாதியில் நிற்கும் விண்ணப்பத்துக்கு இன்னொரு நாளும் நேரமும் குறித்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் வேண்டாம் என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று கடைகளில் வேண்டாம் என்ற பதிலை வாங்கி வருவதையே முதல் வாரத்தின் இலக்காகச் சிலருக்கு நான் கொடுத்திருக்கிறேன். இதில் வேடிக்கை என்னவென்றால், பாதிப்பேரால் மூன்று மறுப்புகளைச் சேர்க்க முடிவதில்லை. நடுவில் யாராவது ஒருவர் பத்துப் பாக்கெட் கொடுத்துப் பாருங்கள் என்று சொல்லிவிடுகிறார்.

கழிந்த 14 மாதங்களுக்காக உங்களை நீங்களே திட்டிக்கொள்வதை எழுத்திலேயே பார்க்க முடிந்தது. அதை நிறுத்தச் சொல்வது இரக்கத்தால் மட்டுமல்ல. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் 119 முதலாண்டு மாணவர்களைக் கவனித்த ஆய்வு ஒன்று 2010இல் வந்தது. முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். ஒரே ஓர் ஆய்வு, சிறிய எண்ணிக்கை, எனவே அதிகம் ஏற்றிச் சொல்லவில்லை. ஆயினும் நான் பார்த்ததோடு ஒத்துப்போகிறது. திட்டு விழும் என்று தெரிந்தால் பையன் மதிப்பெண் அட்டையை ஒளித்து வைப்பான். திட்டுபவரும் நீங்களே, ஒளிப்பவரும் நீங்களே என்றால் விண்ணப்பத்தைத் திறந்து பார்க்கவே தோன்றாது.

மன உறுதி பெட்ரோல் போலத் தீர்ந்துவிடும், அதைச் சேமிக்க வேண்டும் என்று நீங்கள் பார்த்த காணொளிகள் சொல்லியிருக்கும். 1998இல் புகழ்பெற்ற அந்தக் கருத்தை 2016இல் 23 ஆய்வுக்கூடங்கள் ஒரே முறையில் சோதித்தபோது விளைவு ஏறக்குறைய பூச்சியமாக வந்தது. 21 நாட்களில் பழக்கம் படிந்துவிடும் என்பதும் அந்த வகைதான்; லண்டனில் செய்த ஓர் ஆய்வில் நடுமதிப்பு 66 நாட்கள், ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை வேறுபட்டது. 22ஆம் நாளும் வயிறு பிசைந்தால் உங்களிடம் குறை என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

ஒன்றை மட்டும் விட்டுவிட முடியாது. இந்தத் தள்ளிப்போடுதல் தொழிலோடு நிற்காமல் குளிப்பது, சாப்பிடுவது, நண்பரிடம் பேசுவது வரை பரவியிருந்தால், முன்பு பிடித்தவை எதுவும் இரண்டு வாரங்களுக்கு மேலாகப் பிடிக்காமலிருந்தால், அது மனச்சோர்வாக இருக்கலாம். பள்ளி நாட்களிலிருந்தே எதையும் முடிக்க முடியாமல், பொருட்களைத் தொலைத்து, கவனம் சிதறி வந்திருந்தால் அது கவனக்குறைபாடாக இருக்கலாம். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. மேலே சொன்ன படிகள் மட்டும் போதாது. உங்கள் கடிதத்தில் அந்த அடையாளம் எனக்குத் தெரியவில்லை, ஆனால் கடிதத்தில் தெரியாதது இல்லாததாகிவிடாது. அரசின் டெலி மானஸ் எண் 14416இல் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. ஜிப்மரிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.

முந்திரியில் லாபம் நிற்குமா, நீங்கள் சேர்த்திருக்கும் தொகை போதுமா என்பது என் துறை அல்ல. காடாம்புலியூரில் பருப்பு வியாபாரம் செய்பவர்களைக் கேளுங்கள், ஆனால் மூன்று பேரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான்காமவரைக் கேட்கத் தோன்றினால், அது ஏழாவது லோகோவாக இருக்கக்கூடும்; அந்த மாலை பஸ் ஏறுவதற்கு முன் மளிகைக் கடைக்குள் போங்கள். கடைக்காரர் என்ன விலை சொன்னார் என்பதை இங்கேயே எழுதுங்கள், வேண்டாம் என்றாலும் எழுதுங்கள்.